இடது கார்புரேட்டரின் விக்கல்

பழைய வண்டிகளில் கை வைக்கப் புதிதாகக் கிளம்பியிருக்கும் நீங்கள் நாலைந்து பேர் வீடு தேடி வந்து, "சார், உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க" என்று கேட்டபோது எனக்குப் பெருமை வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. வந்தது முதல் போனது வரை உங்கள் கண் என் ஸ்பானர் பெட்டி மேலேயே இருந்தது. அதைக் கேட்கக் கூச்சப்பட்டு அனுபவத்தைக் கேட்டுவிட்டீர்கள். பரவாயில்லை. அனுபவத்தைத் தாராளமாகத் தருகிறேன், அதை வைத்துக்கொண்டு எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஸ்பானர் பெட்டி என்னோடு இருக்கும்.

ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்றவன் என்று வெளியில் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் ராஜினாமா செய்தது என் இடுப்பு. மற்ற உறுப்புகள் அதற்கு ஆதரவாக வெளிநடப்பு செய்தன. இப்போது வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து, இளமையில் பாதியில் விட்ட புத்தகங்களை எல்லாம் மறுபடி பாதிவரை படித்துக்கொண்டிருக்கிறேன்.

கார்புரேட்டரை எப்படிப் பிரிப்பது, எப்படிக் கழுவுவது என்று இங்கே எழுதப்போவதில்லை. அதற்கு உங்கள் கைபேசியில் ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் பேசுகிறவர்கள் எல்லாரும் நான் வாழ்நாளில் போட்டதைவிடச் சுத்தமான சட்டை போட்டிருக்கிறார்கள். நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு வண்டியைப் பற்றி. அந்த வண்டியை நான் மிகச் சரியாக ரிப்பேர் செய்தேன். அதுதான் அதில் நடந்த தப்பு.

அதற்கு முன்னால் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் நான் தொழில் பழகிய பட்டறையில் முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். வண்டியிலிருந்து கழற்றிய பழைய பாகம் எதுவானாலும், நைந்துபோன வாஷர் உட்பட, ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட வேண்டும். புதுசு மாட்டாமலே மாட்டியதாகச் சொல்கிற கூட்டம் என்று நமக்கு ஒரு நல்ல பெயர் இருக்கிறதல்லவா, அதற்கான பதில் அந்தக் கவர். பெரும்பாலானவர்கள் அதை அஸ்தி வாங்குகிற முகத்தோடு வாங்கி, அடுத்த குப்பைத்தொட்டியில் கரைத்துவிட்டுப் போவார்கள். சொந்தமாகப் பட்டறை வைத்த பிறகும் நான் இந்த வழக்கத்தை விடவில்லை. எனக்கு வேறு நல்ல வழக்கம் எதுவும் இல்லாததும் ஒரு காரணம்.

என் பட்டறை பருத்திப்பட்டு ஏரிப்பக்கம். கூட்டாளி ஏழுமலை உள்ளூர்க்காரன், என் வயதுதான். பட்டறை இருந்த இடத்தில் ஒரு காலத்தில் அவன் குடும்பம் கத்தரிக்காய் பயிரிட்டது. நான் ஏதாவது வேலையைச் சொதப்பும்போதெல்லாம், "இந்த எடத்துல கத்திரிக்கா எவ்ளோ மரியாதியா வெளஞ்சிகினு இருந்துச்சு தெரியுமா மாமே?" என்பான்.

பட்டறையை மூடுவதற்கு முந்தைய வருடம் ஒரு லோடு ஆட்டோவில் அந்த வண்டி வந்து இறங்கியது. அந்தக் காலத்து இரட்டை சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் இரண்டு பேர் பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டு அது இப்போது எங்கே இருக்கிறது என்று விசாரிக்கக் கிளம்பிவிடுவீர்கள். என் இருபது வயதில் அந்த வண்டி தெருவில் போனால் நான் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பேன். அது போன பிறகும் நிற்பேன். அதை வாங்குகிற யோகம் இந்த ஜென்மத்தில் இல்லை என்று தெரிந்துதான் ரிப்பேர் செய்யக் கற்றுக்கொண்டேன். அரண்மனைக்குள் போக முடியாதவன் சமையல்காரனாகச் சேர்ந்துகொள்கிற மாதிரி.

வந்து இறங்கிய நிலைமையைப் பார்த்தால் அரண்மனை இடிந்து பல வருடம் ஆகியிருந்தது. முத்தாபுதுப்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் கிடந்ததாம். சீட்டில் கோழி குடித்தனம் நடத்திய அடையாளம். ஒரு சைலன்சருக்குள் குளவி மண்வீடு கட்டியிருந்தது. கூட வந்தவர் செண்பகவல்லி என்ற அம்மாள், அறுபதைத் தாண்டியவர். அப்பா ஆவடி ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்ததால் குவார்ட்டர்ஸில் வளர்ந்து, அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இங்கே இத்தனை காலம் வாழ்ந்தும் அவருடைய தமிழ் தென்காசியிலிருந்து கிளம்பவே இல்லை.

"ஓட்டப்போறது யாரு மேடம்?" என்றேன்.

"யாரும் ஓட்டப்போறதில்ல சார். ஸ்டார்ட் ஆனா போதும்."

இந்த இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வண்டியைப் பார்த்த சந்தோஷத்தில் வண்டிக்காரரைப் பார்க்க மறந்துவிட்டேன்.

"சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க" என்றார் அவர். "ரெண்டு அடி ஒழுங்கா அடிக்கும். மூணாவதுல ஒரு விக்கல் எடுக்கும். நிக்கப்போகுதுன்னு நெனைப்போம், நிக்காது. இடது பக்கக் குழாய்ல புகை கொஞ்சம் கூடுதலா வரும்."

நான் சாக்பீஸை எடுத்துச் சுவரில் எழுதினேன்: இடது சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. புகை அதிகம்.

"கவலையே படாதீங்க மேடம். எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்."

அவர் வாயைத் திறந்து, என்னைப் பார்த்து, மூடிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "மாசக் கடைசில தென்காசிக்குப் போறேன் சார். தம்பி வீட்டுக்கு, மொத்தமா. அதுக்கு முன்னால வேணும். வீடு இங்கதான், ஏரிக்கு அந்தப் பக்கம், மொத மாடி. கீழ கொண்டாந்து நிறுத்தி ஓடவிடுங்க. ஹார்ன் அடிக்க வேண்டாம். போனும் பண்ண வேண்டாம்."

ஏழுமலை குறுக்கே வந்தான். "போனும் வாணாம், ஆரனும் வாணாம்னா, நாங்க வந்துகீறோம்னு ஒனக்கு எப்டி யக்கா தெரியும்?"

"தெரியும்" என்றார் அவர்.

இரட்டைக் கார்புரேட்டர் வண்டி என்பது இரட்டை நாயனம் மாதிரி. இரண்டு பேர் ஊதுகிறார்கள் என்று கேட்கிறவருக்குத் தெரியக் கூடாது. இரண்டு கார்புரேட்டரையும் திறந்தபோது உள்ளே இருந்த பெட்ரோல் காய்ந்து பச்சைப் பாசியாகப் படிந்திருந்தது. ஊறவைத்தோம், ஊதினோம், ஊசித் துவாரங்களில் மெல்லிய கம்பி நரம்பு விட்டு எடுத்தோம். தேய்ந்தது எதையும் விட்டுவைக்கவில்லை. இடது கார்புரேட்டரின் ஃப்ளோட்டை ஏழுமலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினான். ஃப்ளோட் என்பது பெட்ரோல் கிண்ணத்தில் மிதக்கும் பித்தளைக் குமிழி. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதந்து குழாயை மூடுகிறதே, அதே வேலைதான்.

"எவனோ ஓட்டைய அடைக்க ஈயத்த பத்த வெச்சிகீறான் பாரு."

"தூக்கிப் போடு. ரெண்டு பக்கமும் புதுசு மாட்டு."

தூக்கி கவரில் போட்டான். புதுசு மாட்டினான்.

முதல் உதையிலேயே வண்டி கிளம்பியது. இரண்டு நாயனமும் ஒரே மூச்சில் ஊதின. இடதும் வலதும் ஒரே அளவு புகை, அதுவும் இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டிய அளவு. ஏழுமலை, கத்தரிக்காயை மறந்து, "மாமே, தங்கம்" என்றான். இதைவிடப் பெரிய விருதை நான் வாங்கியதில்லை. சின்ன விருதையும் வாங்கியதில்லை.

ஏரியைச் சுற்றி நானே ஓட்டிக்கொண்டு போனேன். இருபது வயதில் சைக்கிளோடு நின்றவனைத் தெருவோரத்தில் தேடினேன் என்றால் நீங்கள் சிரிப்பீர்கள். தேடினேன். அவர் வீட்டுக்குக் கீழே நிறுத்தி ஓடவிட்டேன். முதல் மாடியில் பால்கனி, கொடியில் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. கதவு திறந்துதான் இருந்தது. யாரும் வரவில்லை. கொஞ்சம் முறுக்கினேன். பக்கத்து வீட்டு நாய் வந்து பார்த்துவிட்டுப் போனது. கடைசியில், சொன்ன பேச்சை மீறிப் போன் செய்தேன்.

"மேடம், கீழதான் இருக்கேன்."

"வந்துட்டீங்களா?" என்றது குரல். "ஏதோ வண்டி நிக்குதுன்னுல்லா நெனைச்சேன்."

இறங்கி வந்தார். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். பெட்ரோல் டேங்க் மேல் கை வைத்தார். "நல்லா செஞ்சிருக்கீங்க சார். ரொம்ப ஒழுங்கா ஓடுது" என்றார். அப்புறம் மெதுவாக, "அந்த விக்கல்?" என்றார்.

"அதெல்லாம் போயே போச்சு மேடம்!" என்றேன், மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்கிறவன் மாதிரி.

"போயிருச்சா" என்றார்.

அவ்வளவுதான். கேள்விக்குறிகூட இல்லை. வாங்கிக்கொள்ள வேண்டியதை வாங்கிக்கொண்டார், கவர் உட்பட. நன்றி சொன்னார். நான் நடந்தே திரும்பினேன்.

அந்த ஒற்றைச் சொல் என் காலில் கல் மாதிரி உறுத்திக்கொண்டே வந்தது. டீக்கடையில் ஏழுமலை வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெய் போகக் காகிதத்தில் ஒற்றிக்கொண்டிருந்தான். எதிரே சுவரில் காணாமல் போன சிறுவன் ஒருவனைப் பற்றிய நோட்டீஸ் ஒட்டியிருந்தது. நடக்கும்போது வலது காலைச் சற்றே சாய்த்து நடப்பான் என்று போட்டிருந்தது. அதை வாசித்துக்கொண்டே டீயைக் குடித்தவன், பாதியில் கிளாஸை வைத்துவிட்டேன்.

"ஏழுமலை, அந்தம்மா நம்மகிட்ட கம்ப்ளெயின்ட் சொல்லலடா. அடையாளம் சொன்னாங்க."

"இன்னா அடையாளம்?"

"பையன் காலைச் சாய்ச்சு நடப்பான்னு போட்டிருக்கு பாரு. போலீஸ்காரன் பையனைக் கண்டுபிடிச்சு, காலுக்கு ஆபரேஷன் பண்ணி நேராக்கிக் கூட்டிட்டு வந்தா, பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? நாம அதைத்தான் பண்ணியிருக்கோம்."

ஏழுமலை பஜ்ஜியைக் கீழே வைத்தான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

வண்டியைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதைக் குறையாகவே கேட்கிற காது நமக்கு. டாக்டரிடம் போய் "எனக்கு மச்சம் இருக்கு" என்று சொன்னால் அவர் கத்தியை எடுக்கிற மாதிரி. உங்களுக்கும் அந்தக் காது வளர்ந்துகொண்டிருக்கும். வளரட்டும், சோறு போடும். ஆனால் கூடவே இன்னொன்றும் வளரட்டும்.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். பாதி வீடு அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தது. அதற்கு அடுத்த நாள் லாரி வருவதாக இருந்தது.

"மேடம், அந்த விக்கல் வேணும்தானே உங்களுக்கு?"

அவர் கையில் இருந்த டம்ளரைக் காகிதத்தில் சுற்றி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"குவார்ட்டர்ஸ்ல எதிர் பிளாக்ல ஒருத்தர் இருந்தாரு. அவரு வண்டி. ஃபேக்டரி சங்கு ஊதும், கொஞ்ச நேரத்துல இந்தச் சத்தம் தெருமுனையில கேக்கும். நான் கொடியில துணி எடுக்க வருவேன். எங்க வீட்டுக்குக் கீழ வந்ததும் வண்டி மக்கர் பண்ணும். அவரு இறங்கி, குத்தவச்சு, எதையாவது திருகிக்கிட்டு இருப்பாரு. நான் துணி எடுத்து முடிச்சதும் வண்டி சரியாயிரும்." அடுத்த டம்ளரை எடுத்தார். "பேசினதெல்லாம் இல்ல சார். போன வருசம் அவரு போயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். மகன் வண்டிய எடைக்குப் போடப்போறதாச் சொன்னாங்க. வாங்கிட்டேன். மாடியில நின்னுக்கிட்டு இன்னொரு தடவ கேக்கணும்னு இருந்துச்சு, ஊரைவிட்டுப் போறதுக்கு முன்னால. அவ்வளவுதான். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

பழைய பாட்டுகளில் தலைவி தேர்மணிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருப்பாள். படித்திருக்கிறேன், ரசித்திருக்கிறேன், நாலு பேரிடம் எடுத்துச் சொல்லிப் பெருமையும் பட்டிருக்கிறேன். அந்த மணியை எண்ணெய் போட்டுத் துடைத்து, நாக்கைக் கழற்றி, வேறு மணி மாட்டிக்கொடுத்த மெக்கானிக்கைப் பற்றி மட்டும் எந்தப் பாட்டிலும் படித்த ஞாபகம் இல்லை.

வண்டியைப் பட்டறைக்குத் திரும்ப ஓட்டி வந்தேன். அவரும் ஆட்டோவில் வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். காதால் மட்டும் பார்க்க.

வண்டியைக் கெடுக்க என்ன பெரிய வித்தை வேண்டும் என்றுதான் நினைத்தேன். காற்றுத் திருகைக் கொஞ்சம் மூடினேன். இஞ்சின் தடுமாறியது.

"இது இருமல்" என்றார்.

கேபிளைத் தளர்த்தினேன்.

"இது தும்மல்."

ஏழுமலை ஸ்பார்க் பிளக்கில் ஏதோ செய்தான். வண்டி வெடித்தது.

"இது..." என்று ஆரம்பித்து, மரியாதை கருதி நிறுத்திக்கொண்டார்.

"யக்கா, சொல்லிடு யக்கா, சும்மா சொல்லு" என்று ஏழுமலை சிரித்தான். அவரும் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வேர்க்க ஆரம்பித்தது. ஆயுள் முழுக்கத் தப்பைச் சரியாக்கிப் பிழைத்த இரண்டு பேருக்கு, ஒரு தப்பைச் சரியாகச் செய்யத் தெரியவில்லை.

என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான் ஏழுமலை. "மாமே, தெரிஞ்சே வண்டிய கெடுத்துக் குடுக்கறது நம்ம கடைக்கு நல்லால்ல. நாளிக்கி லாரிக்காரன் கேப்பான், எந்தப் பட்டறைலடா பாத்தேன்னு. இன்னா பேரு சொல்றது? வேற எதுனா சமாதானம் சொல்லி அனுப்பிடு."

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பெயர்தான். ஆனால் நிதானமாக யோசித்தால் எல்லாமே வேறு மாதிரி தெரிந்தது. பெயர் போனால் இன்னும் சில மாதங்களில் மூடப்போகிற பட்டறைக்குப் போகும். சத்தம் போனால் அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவருக்குப் போகும், அவருக்கு இந்த ஊரில் நாளைக்கு மேல் இன்னொரு நாள் இல்லை. திரும்பி வந்து, அவர் மடியில் இருந்த கைப்பையைப் பார்த்தேன்.

"மேடம், பழைய பார்ட்ஸ் போட்டு ஒரு கவர் கொடுத்தேனே..."

கேள்வி முடிவதற்குள் கைப்பையைத் திறந்தார். என் தொழில் வாழ்க்கையில் அந்தக் கவரை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, பையில் வைத்திருந்த ஒரே வாடிக்கையாளர். கழற்றிப் போட்ட வாஷர், கிழிந்த ரப்பர், எல்லாம் இருந்தது. ஈயம் பற்றவைத்த அந்த ஃப்ளோட்டும் இருந்தது.

அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். ஈயத்தின் எடையால் ஃப்ளோட் கொஞ்சம் தாழ்ந்து மிதக்கும். குழாயைத் தாமதமாக மூடும். கிண்ணத்தில் பெட்ரோல் அளவுக்கு மேலே நிற்கும். இடது சிலிண்டருக்கு அளவுக்கு மீறி ஊட்டிவிட்ட குழந்தையின் நிலைமை, அதனால் விக்கல், அதனால் புகை. இவ்வளவும் இந்தக் குமிழிதான்.

இதைச் சரிசெய்வது ரொம்பச் சுலபம். ஃப்ளோட்டின் மேல் ஒரு சின்னத் தகடு இருக்கும், நாக்கு என்போம். அதை நகத்தால் ஒரு மயிரிழை வளைத்தால் அளவு சரியாகிவிடும். ஈயம் வைத்த எந்த ஃபிட்டரும் அடுத்த வேலையாக அதைத்தான் செய்வான். இந்த ஈயமோ நகை ஆசாரி வைத்தது மாதிரி, சொட்டுக்கூட வழியாமல் இருந்தது. ஆனால் நாக்கு தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே நேராக இருந்தது.

ஏழுமலையும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "யக்கா, இத்தினி சோக்கா பத்த வெச்சவனுக்கு இத்த வளைக்கத் தெரியாமயா கீது? அந்தாளு வேணும்னே உட்டுகீறான்."

"அவரு ஃபிட்டர்லா" என்றார் செண்பகவல்லி. "எங்கப்பாவும் ஃபிட்டர்தான். ஒரு நாளு காபி குடிச்சிக்கிட்டே கேட்டாரு, 'இந்தப் பய ஃபேக்டரில என்ன வேல பாக்கான்? தெனமும் நம்ம வீட்டு வாசல்லதான் இவன் வண்டி மக்கர் பண்ணுது'ன்னு. அன்னைக்கே தெரியும் சார் எனக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. ஒரு நாளு அதே சத்தம் வந்துச்சு. நான் கொடிக்கிட்ட போனேன். வண்டி நிக்கல. அவருக்கு வீட்டுல பொண்ணு பாத்திருந்தாங்க. பொறவு முத்தாபுதுப்பேட்டையில வீடு கட்டிப் போயிட்டாரு."

எனக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாத விஷயம் ஒன்று என் உள்ளங்கையில் இருந்தது. அதைச் சொல்லலாமா என்பதுதான் அந்த நாளின் உண்மையான ரிப்பேர். சொன்னால் என்ன உடையும், சொல்லாவிட்டால் என்ன துருப்பிடிக்கும்? இதற்கெல்லாம் வீடியோ கிடையாது. கடைசியில், மெக்கானிக் சொல்லக்கூடியதை மட்டும் சொல்வது என்று முடிவு செய்தேன். அதற்கு மேலே ஒரு வார்த்தை சொன்னாலும் அது என் கற்பனை ஆகிவிடும்.

ஃப்ளோட்டை அவர் கையில் வைத்தேன்.

"இந்த நாக்கை நகத்தால தொட்டுப் பாருங்க மேடம். வளைச்சா கோடு விழும், பித்தளை மறைக்காது. இதுல கோடு இல்ல. அவர் இதை அப்ப மட்டும் இல்ல, அதுக்கப்புறமும் தொடல. கொட்டகைல நிறுத்தற வரைக்கும் வண்டி இப்படியேதான் ஓடியிருக்கு."

அவர் தொட்டுப் பார்த்தார். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் திரும்பி, தேவையே இல்லாமல் ஒரு ஸ்பானரைத் துடைத்தேன். ஏழுமலை தேவையே இல்லாமல் இன்னொன்றைத் துடைத்தான்.

"மாட்டுங்க" என்றார்.

மாட்டிக் கிளப்பிப் பார்க்கலாமா என்று கேட்டபோது வேண்டாம் என்றார். "மாடியில இருந்துதான் கேக்கணும்."

மறுநாள் காலை லாரி வந்துவிட்டது. ஏற்றுகிறவர்கள் போனில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள், பெட்ரோல் ஒரு சொட்டு இருந்தாலும் வண்டியை ஏற்ற மாட்டோம் என்று. டேங்க்கில் இருந்ததை வடித்து, அந்தத் தெரு வரைக்கும் போகிற அளவு மட்டும் விட்டுக்கொண்டு கிளம்பினேன். ஏழுமலை பின்னால் உட்கார்ந்துகொண்டான். பெயர் கெட்டால் இருவருக்கும் சேர்த்துக் கெடட்டும் என்றான்.

ஏரிக்கரை முழுக்க வண்டி விக்கிக்கொண்டே வந்தது. இரண்டு அடி ஒழுங்காக, மூன்றாவதில் ஒரு தடுக்கல். நின்றுவிடும் என்று தோன்றும், நிற்காது. இடது பக்கம் நீலப் புகை. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். தெருமுனையில் திரும்பியபோதே பார்த்தேன், அவர் பால்கனிக்கு வந்திருந்தார். வீடே காலியாகிக் கீழே லாரியில் இருந்தது. கொடியில் ஒரே ஒரு துண்டு மட்டும் கிடந்தது, அதை யாரும் பெட்டியில் வைக்கவில்லை.

கீழே நிறுத்தினேன். அணைக்கவில்லை. பெட்ரோல் குழாயை மட்டும் மூடினேன், கிண்ணத்தில் இருப்பது தீர்ந்து தானாக நிற்கட்டும் என்று.

கயிறும் சாக்குமாக நின்ற லாரிக்காரர் கிட்டே வந்தார். "இன்னா சார், வண்டி மக்கர் பண்ணுதா?"

இத்தனை வருடம் கட்டிக் காத்த பெயர். ஏழுமலை என்னைப் பார்த்தான்.

"ஆமாம்ப்பா" என்றேன். "கொஞ்சம் பாக்கணும்."

இடுப்பைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்கவைத்து, இடது கார்புரேட்டர் பக்கம் குத்தவைத்து உட்கார்ந்து, திருக வேண்டியது எதுவும் இல்லாத ஒரு திருகைத் திருகிக்கொண்டிருந்தேன். மேலே பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படிக் குத்தவைத்த அந்த ஃபிட்டரும் மேலே பார்த்திருக்க மாட்டார் என்று ஏனோ தோன்றியது.

முதலில் வலது பக்கம் நின்றது. இடது கிண்ணத்தில் பெட்ரோல் அதிகம் அல்லவா, அது மட்டும் தனியாக ஓடியது. விக்கி விக்கி ஓடியது. பெட்ரோல் இறங்கிக்கொண்டே வந்து, நாக்கை வளைத்திருந்தால் எந்த அளவில் நின்றிருக்குமோ அந்த அளவைத் தொட்டபோது, விக்கல் நின்றது. சில நொடிகள் அந்த ஒற்றை சிலிண்டர் ஒரு தடுக்கலும் இல்லாமல், அத்தனை சுத்தமாக அடித்தது. அப்புறம் அடங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். அவர் கொடியிலிருந்து துண்டை எடுத்து, நிதானமாக மடித்து, தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.